பூஜ்யமும் ஏழும்

திருப்பூர், ராத்திரி பதினொன்றேகால்.
இரண்டாம் மாடியில் தையல் மெஷின் நாற்பதும்
உறை போர்த்தித் தூங்க,
தலைமாட்டுக் கம்ப்யூட்டர்கள் மட்டும்
விழித்துக்கொண்டு என்னைப் பார்க்கின்றன.
எதற்கும் ஹார்ட் டிஸ்க் கிடையாது.
கீழ்க்கட்டு சர்வர் ஒயர் வழியே ஊட்டினால்தான்
கண் திறக்கும்.

இருபத்திரண்டு பழசு, பேங்க் ஏலத்தில் வந்தது;
ஒன்றின் நெற்றியில் இன்னமும் 'டோக்கன் 14'.
பதினெட்டு புதுசு, நேற்று அட்டைப்பெட்டி பிரித்தது.
பழசு எழுந்தது, ஒன்று தவிர.
புதுசில் ஒன்றுகூட எழவில்லை.

'கோப்பு வெற்றிகரமாக இறங்கியது' என்று
ஒரு வரி காட்டிவிட்டு
முதல் பக்கத்துக்கே திரும்பிக்கொள்கிறது.
தப்பு என்றாவது சொல்லித் தொலையலாம்.
எல்லாம் நல்லாருக்குதுங்க என்று சொல்லி
கை நனைக்காமல் எழுந்துபோகிற
சம்பந்தி மாதிரி.

சர்வரில் கோப்பின் பெயரை மாற்றினேன்.
புதுசு பதினைந்து ஜோராக எழுந்தது, மூன்று முறைத்தது.
பழசு மொத்தமும் கறுத்து நின்றது,
இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு.
திரும்ப மாற்றினேன். திரும்ப அதே.
நூல் கோன் நிறுக்கிற தராசு:
இந்தத் தட்டு ஏற அந்தத் தட்டு இறங்க.

லைன் சூப்பர்வைசர் செல்வநாயகி போனில்:
"ஏனுங் மேடம், எட்டரைக்கு லைன் ஓடோணுங்.
ஆகுமுங்ளா?"
"சித்தெ பொறுங்க."
சித்தெ என்றால் எவ்வளவு நேரம் என்று
எந்தக் கடிகாரத்திலும் போடவில்லை.

பன்னிரண்டரை.
எழாத அந்தப் பழசு, பதினேழாம் நம்பர்.
கோப்புப் பெயரே வரவில்லை என்கிறது.
முகவரி பார்த்தால் 192.168.1.4.
எங்கள் வீதி முழுக்கப் பத்தில் தொடங்கும்.
யார் கொடுத்தது இதை?
கேபிளைத் தடவிக்கொண்டே போனேன்.
செக்கிங் மேசை,
கொக்கியில் தொங்கும் குழந்தை டீசர்ட்டுகள்,
அயர்ன் மேசைக்கு அடியில்
பஞ்சு மூடிய ஒரு சின்ன ரௌட்டர்.
போனில் படம் பார்க்க யாரோ செருகியது.
எங்கள் சர்வர் வாய் திறக்கும் முன்பே முந்திக்கொண்டு
பக்கத்தில் இருப்பவனுக்கு முகவரி கொடுத்திருக்கிறது,
வழி கேட்டால்
தெரியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன்போல.
பிடுங்கினேன்.

ஒன்றரைக்கு வேன் வந்தது.
ரயிலடியிலிருந்து ஒன்பது பேர், பையும் போர்வையுமாக.
டைம் ஆபீஸ் நாச்சிமுத்து
டிராயரை இழுக்கும் முன் ஒவ்வொருவரையும் கேட்டார்,
படிக்க எது வரும், ஒடியாவா இந்தியா என்று.
பிறகுதான் பாரத்தை எடுத்தார்.
ஒருவன் எதற்கும் தலையாட்டவில்லை.
மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

தண்ணி பாட்டிலோடு படியில் நின்ற எனக்கு
அப்போதுதான் உறைத்தது.
இவையும் கதவு தட்டும்போதே
தான் யாரென்று சொல்லித்தான் தட்டுகின்றன.
முதல் கூப்பாட்டில், தொண்ணூற்று மூன்றாம் கட்டத்தில்,
பழசு பூஜ்யம் என்னும்.
புதுசு ஏழு என்னும்.
படித்ததுதான். காது கொடுக்கவில்லை.
எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வரி எழுதினேன்.
பூஜ்யமா, இந்தக் கோப்பு. ஏழா, அந்தக் கோப்பு.
ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்
அதைத் தேட இருபது நிமிஷம்.
முறைத்த மூன்றும்
கையெழுத்தில்லாத கோப்பைத் தொடமாட்டோம் என்றன.
நியாயம்தான்.
இன்றைக்கு மட்டும் என்று காவலைத் தளர்த்திவிட்டு
நோட்டில் கடனாக எழுதிவைத்தேன்.

நாலு மணி. மெயினை அணைத்துப் போட்டேன்.
முப்பத்தொன்பது வந்தது.
நாற்பதாவதில் ஒயரே செருகவில்லை.
சிரிக்கவும் தெம்பில்லை.

எட்டு இருபத்தைந்துக்கு உறைகள் விலகின.
ராத்திரி வந்தவர்களில் ஒருவனை
பதினேழாம் நம்பரில் உட்காரவைத்தாள் செல்வநாயகி.
டோக்கன் 14 ஒட்டியதிலும்
பிளாஸ்டிக் உரிக்காத புதுசிலும்
ஒரே வரி:
இன்றைய பீஸ் கணக்கு 0.